அபுதாபி ஷேக் சையத் பெரிய பள்ளிவாசல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அபுதாபிக்குப் போகிறவர்களில் ஷேக் சையத் பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் அங்கே என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "வெள்ளையா, ரொம்பப் பெருசா இருந்துச்சு, போட்டோ எல்லாம் நல்லா வந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். நான் முதல் தடவை போனபோது அப்படித்தான் நடந்தது. கயிறு கட்டிய பாதையில் கூட்டத்தோடு நடந்து, முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த தடவை அங்கேயே இலவசமாக நடத்துகிற வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்து போனேன், அன்றைக்குத்தான் அந்தத் தூண்களில் பதித்திருப்பது என்ன, கம்பளத்தில் ஏன் லேசான கோடுகள் தெரிகின்றன, இரவில் சுவர் ஏன் நீலமாகிறது என்பதெல்லாம் புரிந்தது. அதனால் வேறு எதை விட்டாலும் அந்தச் சுற்றை விட்டுவிடாதீர்கள். அதை மனதில் வைத்து எப்படித் திட்டமிடுவது என்று சொல்கிறேன்.

முதலில் பதிவு

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆனால் முன்பதிவு வேண்டும். பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஷேக் சையத் கிராண்ட் மாஸ்க் மையத்தின் இணையதளத்தில் பெயர், நாள், நேரம், எத்தனை பேர் என்று கொடுத்தால் ஒரு க்யூஆர் கோடு வரும், அதைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடும்போது "டிக்கெட்" என்ற பெயரில் காசு வாங்கும் தளங்களும் முதலில் வந்து நிற்கும். அவை பெரும்பாலும் வண்டிக்கும் தனியார் வழிகாட்டிக்கும் சேர்த்து வாங்கும் தொகை. வண்டி வேண்டும் என்றால் சரி, வெறும் நுழைவுக்கு யாருக்கும் ஒரு திர்ஹம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும் அதே தளத்தில் வழிகாட்டிச் சுற்று எந்தெந்த நேரத்தில் என்றும் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வருகிற மாதிரி நுழைவு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, உள்ளே வந்த பிறகு அடுத்த சுற்றுக்கு நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ தொழுகை. அந்த நேரம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. ரமலான் நோன்பு மாதத்திலும் நேரங்கள் மாறும், பெருநாள் நாட்களிலும் மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த நேரம் நல்லது

என்னைக் கேட்டால் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பளிங்கின் வெள்ளை, அந்தியில் அது மெல்லச் சிவப்பது, இருட்டியதும் விளக்குகள் என்று ஒரே வருகையில் மூன்றையும் பார்த்துவிடலாம். டிசம்பரில் மாலை 5:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஜூன் ஜூலையில் 7 மணி தாண்டும். கோடையில் பகல் நேரத்தில் போகவே போகாதீர்கள். வெயில் தலையில் இறங்குவது ஒரு பக்கம் என்றால், அந்த வெள்ளைப் பளிங்கில் பட்டுத் திரும்பி வரும் ஒளி கண்ணைத் திறக்கவிடாது. கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். கூட்டமே வேண்டாம் என்பவர்கள் காலையில் திறந்தவுடன் போகலாம், அப்போது படம் எடுக்கவும் வசதி, ஆனால் இரவு விளக்கை இழந்துவிடுவீர்கள்.

இந்த இரவு விளக்கைப் பற்றி ஒரு விஷயம். வெளிச்சுவர்களில் விழும் ஒளி நிலவைப் பின்தொடர்கிறது. பௌர்ணமியன்று பளீரென்று வெள்ளையாக இருக்கும், நிலவு தேயத் தேய நீலம் கூடிக்கொண்டே போகும், அதன் மேல் மேகங்கள் நகர்கிற மாதிரி ஓர் அசைவும் தெரியும். ஆகவே உங்கள் பயண நாட்கள் கையில் இருக்கின்றன என்றால் நாட்காட்டியில் பௌர்ணமி, அமாவாசை பார்த்துவிட்டு எந்த நிறம் வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். எனக்கு அமாவாசைக்கு அடுத்த சில நாட்கள் பிடிக்கும். அந்த ஆழ்ந்த நீலம் சுற்றியுள்ள நீர்த்தடாகங்களிலும் விழுந்து, தூண்களெல்லாம் தண்ணீருக்குள் இன்னொரு வரிசையாக நிற்கும்.

உடை

வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் உடையால்தான். பெண்களுக்குத் தலைமுடி மறைய வேண்டும், கை மணிக்கட்டு வரை, கால் கணுக்கால் வரை மறைய வேண்டும். துணி உடம்போடு ஒட்டியதாகவோ உள்ளே தெரியும்படி மெல்லியதாகவோ இருக்கக் கூடாது. கறுப்பு நிறம்தான் என்று கட்டாயம் இல்லை. முழுக்கை வைத்த தளர்வான சுடிதார், அதோடு கனமான துப்பட்டா இருந்தால் போதும். துப்பட்டா பட்டு மாதிரி வழுக்கும் துணியாக இருந்தால் பின் குத்திக்கொள்ளுங்கள், ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் அது நழுவ, பணியாளர் வந்து சொல்ல, இரண்டு பேருக்கும் சங்கடம். சேலையில் இடுப்பும் கையும் தெரியும் என்பதால் மேலே அபாயா என்ற நீளமான தளர்வான மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொள்வதுதான் வழி. லெக்கின்ஸ் போட்டு மேலே குட்டையான சட்டை என்றால் விட மாட்டார்கள்.

ஆண்களுக்கு இதைவிட எளிது. முழுக்கால் பேன்ட், கை வைத்த சட்டை. அரைக்கால் சட்டை, பனியன் மாதிரி கையில்லாதது, கிழிந்த மாதிரித் தைத்த ஜீன்ஸ் இதெல்லாம் வேண்டாம். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், நுழைவுப் பக்கம் இருக்கும் கடைகளில் அபாயாவும் தலைத்துணியும் கிடைக்கும். இருந்தாலும் உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றைக் கையோடு கொண்டு போவதே நிம்மதி.

செருப்பு விஷயத்தில், கழற்றவும் போடவும் எளிதானதாக இருக்கட்டும், பையில் ஒரு ஜோடி சாக்ஸும் இருக்கட்டும். நடக்க வேண்டிய தூரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம்.

போய்ச் சேர்வது

துபாயிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் என்பதால் அதைச் சொல்கிறேன். இபின் பத்தூத்தா பேருந்து நிலையத்திலிருந்து இ101, அல் குபைபாவிலிருந்து இ100 ஆகிய பேருந்துகள் அபுதாபிக்குப் போகின்றன. துபாய்ப் பொதுப் போக்குவரத்துக்கான நோல் கார்டு வேண்டும், நான் போனபோது 25 திர்ஹம். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாயங்கால நெரிசலில் இன்னும் கூடும். அபுதாபியில் இறங்கி டாக்சி பிடித்து "கிராண்ட் மாஸ்க்" என்றால் எல்லா ஓட்டுநருக்கும் தெரியும், ஆனால் "சூக் அல் ஜாமி, பார்வையாளர் நுழைவு" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வளாகம் பெரியது. தவறான பக்கம் இறங்கிவிட்டால் வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டிவரும். நாலைந்து பேராகப் போகிறீர்கள் என்றால் துபாயிலிருந்தே வாடகைக் கார் எடுப்பது கட்டுப்படியாகும், வாகனம் நிறுத்த அங்கே நிறைய இடம் உண்டு.

சூக் அல் ஜாமி என்பது தரைக்கு அடியில் அமைந்த கடைவீதி. சாப்பாட்டுக் கடைகளும் கழிப்பறையும் அங்கே இருக்கின்றன. பசித்தால் முதலிலேயே இங்கே சாப்பிட்டுவிடுங்கள், பள்ளிவாசலுக்குள் சாப்பிட அனுமதி இல்லை. பிறகு க்யூஆர் கோடைக் காட்டி, பையை ஸ்கேனில் வைத்து, நீண்ட குளிரூட்டிய சுரங்கப் பாதை வழியாக நடக்க வேண்டும். நகரும் நடைபாதை இருக்கிறது. வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் யாராவது உங்களோடு இருந்தால் பணியாளர்களிடம் சொல்லுங்கள், பேட்டரி வண்டியும் சக்கர நாற்காலியும் ஏற்பாடு செய்வார்கள்.

ஒரு முக்கியமான குறிப்பு: நீங்கள் முஸ்லிம், தொழவும் போகிறீர்கள் என்றால் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு வழி தனி. சுற்றுலாப் பாதையில் போய்க்கொண்டே நடுவில் தொழலாம் என்று நினைக்காதீர்கள், வரும்போதே பணியாளரிடம் தொழுகைக்கு என்று சொன்னால் வழி காட்டுவார்கள். பெண்களுக்குத் தனிக் கூடம் உண்டு.

வழிகாட்டியோடு நடக்கும்போது

உள்ளே வந்ததும் சுற்று எங்கிருந்து தொடங்குகிறது என்று சீருடைப் பணியாளரிடம் கேட்டு, பத்து நிமிடம் முன்னாலேயே அங்கே போய் நின்றுவிடுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் இளம் எமிராத்தியர்கள், அதாவது அந்த நாட்டுக்காரர்கள், கந்தூரா என்ற நீண்ட அங்கி அணிந்த பையன்களும் அபாயா அணிந்த பெண்களும். ஆங்கிலத்திலும் அரபியிலும் பேசுவார்கள். நிறுத்தி நிதானமாகப் பேசுகிற ஆங்கிலம்தான், சுமாராகத் தெரிந்தாலே போதும். சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரம் ஒத்துவராதவர்களுக்குக் காதில் மாட்டிக் கேட்கும் ஒலிக்கருவியும் இருக்கிறது, ஆனால் கருவியிடம் கேள்வி கேட்க முடியாது இல்லையா, ஆளோடு போவதன் பயனே அதுதான். வழிகாட்டிக்கு அருகிலேயே நடங்கள். பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டே வந்தால் பாதிப் பேச்சு காதில் விழாது, படம் பிறகும் எடுக்கலாம்.

அவர்கள் முதலில் சொல்வது ஷேக் சையத்தைப் பற்றி இருக்கும். 1971-ல் உருவான ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் அதிபர். இந்தப் பள்ளிவாசலைக் கட்ட முடிவெடுத்தவர் அவர், 1996-ல் வேலை தொடங்கியது, 2004 நவம்பரில் அவர் இறந்தபோது கட்டடம் முடிந்திருக்கவில்லை. இங்கேயே அடக்கம் செய்தார்கள். 2007 டிசம்பரில்தான் திறந்தார்கள். அவருடைய அடக்கத்தலம் வெளியே பக்கத்தில் இருக்கிறது, குர்ஆன் ஓதும் குரல் அங்கிருந்து கேட்கும். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், படம் எடுக்கத் தடை.

அப்புறம் முற்றம். சுமார் 17,000 சதுர மீட்டர், தரை முழுக்கப் பளிங்கில் பூவும் கொடியுமாகப் பதித்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், மேலே பெரிதும் சிறிதுமாக 82 குவிமாடங்கள், நான்கு மூலையிலும் 100 மீட்டரைத் தாண்டும் மினாரா என்ற கோபுரங்கள். இந்த எண்களைக் கேட்டதும் மறந்துவிடுவோம். ஆனால் ஒரு தூணின் அருகில் நின்று வழிகாட்டி காட்டுவதைப் பாருங்கள்: பூங்கொடி வரைந்ததல்ல, பளிங்கைக் குடைந்து லாபிஸ் லசூலி என்ற நீலக்கல், சிவப்பு அகேட் கல், செவ்வந்திக்கல், முத்துச்சிப்பி என்று துண்டு துண்டாக உள்ளே இறக்கியது. விரல் தானாகவே அதைத் தொடப் போகும். தொடாதீர்கள், நாள்தோறும் இத்தனை ஆயிரம் கைகள் பட்டால் என்ன ஆகும்.

பெரிய தொழுகைக் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோர் தலையும் மேலேதான் போகும். நடுவில் தொங்கும் சரவிளக்கு 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், 12 டன் எடை, ஜெர்மனியில் செய்தது. அதைப் பார்த்து முடித்ததும் கீழே பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டடத்தின் உயிர் அந்தக் கம்பளத்தில்தான் இருக்கிறது. 5,627 சதுர மீட்டர், ஒரே கம்பளம். ஈரானில் சுமார் 1,200 பேர் கையால் நெய்தது, 226 கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள். அவ்வளவு பெரியதை யாரும் ஒரே துண்டாகத் தூக்கிவர முடியாது, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து இங்கே வைத்துத் தைத்திருக்கிறார்கள், தையல் எங்கே என்று தேடினாலும் கண்ணில் படாது.

வழிகாட்டி உங்களைச் சற்றுக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பாருங்கள். கம்பளத்தின் நூலை ஓரிடத்தில் சற்று உயரமாக விட்டு, நீளநீளமான கோடுகளாக்கியிருக்கிறார்கள். தொழுகையில் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு கோடு தேவை, ஆனால் பட்டையாகக் கோடு போட்டால் மேலே விரிந்திருக்கும் பூவேலை வெட்டுப்பட்டுவிடும். அதனால் வரிசையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கூடம் கண்காட்சியாகத் தெரியாமல், சுமார் 7,000 பேர் ஒன்றாக நெற்றியைத் தரையில் வைக்கும் இடமாகத் தெரிந்தது. வெறும் அளவைப் பார்த்து வியந்துவிட்டுப் போனால் இது கிடைக்காது.

எதிரே இருக்கும் நீண்ட சுவர்தான் கிப்லா சுவர், மக்கா இருக்கும் மேற்குத் திசை. அதில் அல்லாஹ்வின் 99 திருநாமங்களைக் கூஃபி என்ற பழைய அரபி எழுத்துவடிவில் எழுதி, பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் விட்டிருக்கிறார்கள். அதன் நடுவில் பொன்னிறமாகக் குழிந்திருப்பது மிஹ்ராப், இமாம் நின்று தொழவைக்கும் இடம். பக்கத்தில் படிகளோடு இருப்பது மிம்பர், வெள்ளிக்கிழமை உரை அங்கிருந்துதான். இவற்றின் பெயர் தெரியாமல் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஏன் பெண்களுக்குத் தனிக் கூடம், ஏன் உருவப் படங்களே இல்லை, ஏன் ஐந்து வேளைத் தொழுகை என்று எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கேட்கிற விதத்தில் மரியாதை இருந்தால் போதும்.

நடந்துகொள்ளும் முறை

படம் எடுக்கலாம், ஆனால் சாய்ந்து, படுத்து, குதித்து, விரலால் சைகை காட்டி, ஜோடியாக அணைத்துக்கொண்டு எடுப்பதெல்லாம் கூடாது. பணியாளர்கள் வந்து அழிக்கச் சொல்வார்கள். 2013-ல் உலகப் புகழ் பெற்ற பாடகி ஒருவர் இங்கே விளம்பரப் படம் மாதிரி நின்று எடுத்ததற்காக வெளியேறச் சொன்னது செய்தியாகவே வந்தது. படத்துக்காக ஒரு நொடி முக்காட்டைத் தள்ளிவிடுவதையும் அவர்கள் கவனிப்பார்கள். தொழுதுகொண்டிருப்பவரைப் படம் எடுக்காதீர்கள், அவருக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். கயிற்றைத் தாண்டிப் போக வேண்டாம். குழந்தைகள் அந்தப் பெரிய தரையைப் பார்த்ததும் ஓடத்தான் ஆசைப்படுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்லும்போது எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம், வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் அதுவே நிறைவான மரியாதை.

சுற்றின் நடுவில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னால் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். நீங்களும் கைப்பேசியை இறக்கிவிட்டு நின்று கேளுங்கள். மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கான பாங்கு அந்த முற்றத்தில் வந்து சேரும் விதம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும்போது, எந்தக் காணொளியிலும் நான் கேட்டதில்லை. தொழுகை நேரத்தில் கூடத்துக்குள் விடாமல் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் பேருந்துக்கு ஓடுகிற மாதிரித் திட்டமிட வேண்டாம்.

சுற்று முடிந்த பிறகு

வழிகாட்டி விடைபெற்றதும் கூட்டத்தோடு வெளியே போய்விடாதீர்கள். இப்போதுதான் நிதானமாகப் படம் எடுக்கும் நேரம். தாழ்வாரத்தின் ஓரம் நீர்த்தடாகங்கள் இருக்கும் பக்கமாக மெல்ல நடங்கள், அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பகலில் சாதாரணமாகத் தெரிந்த தண்ணீர் விளக்கு போட்டதும் கண்ணாடியாகிவிடும்.

முழுப் பள்ளிவாசலும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றால் உள்ளே நின்று முடியாது. சாலைக்கு எதிர்ப்புறம் வாஹத் அல் கராமா என்ற நினைவிடம் இருக்கிறது, நாட்டுக்காக உயிர்விட்டவர்களுக்காக 2016-ல் திறந்தது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் 31 பெரிய அலுமினியப் பலகைகள், அதற்கு முன்னால் மெல்லிய நீர்ப்பரப்பு, அந்த நீரில் பள்ளிவாசல் முழுவதும் தலைகீழாகத் தெரியும். நுழைவு இலவசம். சாலை அகலமானது, வாகனங்கள் வேகமாக வரும், நடந்து கடக்கப் பார்க்காமல் டாக்சியிலேயே போங்கள். இறக்கிவிட்ட டாக்சியை அங்கேயே காத்திருக்கச் சொல்லிவிட்டால், இரவில் பேருந்து நிலையம் திரும்ப இன்னொரு வண்டி தேடி அலைய வேண்டியிருக்காது.